பெயிண்ட்பால் பிறந்தநாள்: முதல் முறையாக ஏற்பாடு செய்வோருக்கு

பெயிண்ட்பால் விளையாட்டில் பிறந்தநாளைக் கொண்டாடலாமா என்று பிள்ளை கேட்டதும் பெற்றோர் மனதில் எழும் முதல் கேள்வி, "அடி பட்டால் வலிக்குமா?" வலிக்கும், கொஞ்சம். ஆனால் இந்த மாதிரி விருந்துகள் சப்பென்று போவதற்குக் காரணம் வலி இல்லை. முதல் நிமிடத்திலேயே அவுட் ஆகிவிட்டு மீதி நேரமெல்லாம் களத்தைச் சுற்றிய வலைக்கு வெளியே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் காரணம். பாதி நேரத்திலேயே பெயிண்ட் உருண்டை தீர்ந்துபோவது இன்னொன்று. மாஸ்க்கில் மூச்சு படிந்து எதிரே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாமல் போவது மூன்றாவது. மூன்றையும் விருந்துக்கு முன்பே தடுத்துவிட முடியும்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. காற்றழுத்தத்தால் இயங்கும் மார்க்கர் என்ற கருவியிலிருந்து, ஜெலட்டின் தோலுக்குள் சாயம் நிரப்பிய சிறு உருண்டை பாயும். அது யார் மேல் பட்டு உடைந்து கறை விடுகிறதோ அவர் அவுட். இரண்டு அணி, ஒளிந்துகொள்ள மறைப்புகள், ஒரு கொடி அல்லது வேறொரு இலக்கு, எல்லோர் முகத்திலும் மாஸ்க். அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் படி: வயதைப் பார்த்து உருண்டையின் அளவை முடிவு செய்யுங்கள்

இடம், தேதி எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவாக வேண்டியது இதுதான். வழக்கமான பெயிண்ட்பால் உருண்டை 68 கேலிபர், அதாவது 0.68 அங்குலம், சுமார் 17 மில்லிமீட்டர் குறுக்களவு. எடை ஏறத்தாழ 3 கிராம். பெரும்பாலான களங்களில் இது நொடிக்கு 280 அடி வேகத்தில் பாயும்படி மார்க்கரைத் திருகி வைத்திருப்பார்கள். 300 அடிக்கு மேல் எங்கும் விடமாட்டார்கள். சிறுவர்களுக்கென்று இருப்பது 50 கேலிபர். குறுக்களவு 12.7 மில்லிமீட்டர், எடை சுமார் 1.2 கிராம், வேகமும் குறைவு. எடையும் வேகமும் சேர்ந்து குறைவதால், உடம்பில் படும்போது உள்ள ஆற்றல் பெரிய உருண்டையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். தோலில் அது தரும் வித்தியாசம் பெரியது. பெரிய உருண்டை பட்ட இடத்தில் சிவந்து தடித்து, சில நாள் நீலம் பாரிக்கும். சின்ன உருண்டை பட்டால் சுருக்கென்று இருக்கும், பெரும்பாலும் ஆட்டம் முடிவதற்குள் மறந்துவிடும்.

பதினொரு வயது வரை 50 கேலிபர்தான். பதிமூன்றுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் 68-ஐத் தாங்குவார்கள், விரும்பவும் செய்வார்கள். இடைப்பட்ட வயதில் குழுவின் சராசரியைப் பார்க்காதீர்கள், குழுவிலேயே பயந்த பிள்ளையைப் பாருங்கள். "பெரிய துப்பாக்கிதான் வேணும்" என்று பிறந்தநாள் பிள்ளை அடம்பிடிக்கலாம். ஆனால் விருந்தாளிகளில் இரண்டு பேர் அழுதுகொண்டே ஓரமாக உட்கார்ந்தால் அது அவனுக்கும் நல்ல பிறந்தநாளாக இருக்காது. குறைந்தபட்ச வயது மையத்துக்கு மையம் மாறும். காப்பீட்டு விதிகளும் அதில் உண்டு. ஒரு தம்பியையோ தங்கையையோ "சும்மா உள்ளே விடுங்களேன்" என்று வாசலில் கெஞ்சுவது நடக்காத காரியம். முன்பே கேட்டு, அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை யோசித்து வையுங்கள்.

ஒரே களத்தில் இரண்டு அளவையும் கலக்காதீர்கள். பெரியவர்கள் 68-உம் பிள்ளைகள் 50-உம் வைத்துக்கொண்டு எதிரெதிராக விளையாடுவது எட்டும் தூரத்திலும் நியாயமில்லை, வலியிலும் நியாயமில்லை. அப்பா, சித்தப்பாக்கள் சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டால் பிள்ளைகளின் மார்க்கரையே எடுத்துக்கொள்ளட்டும்.

எட்டு வயதுக்குக் கீழே என்றால், உருண்டை இல்லாமல் ஒளிக்கதிரால் குறிபார்த்து விளையாடும் லேசர் டேக்தான் நல்ல தேர்வு. வற்புறுத்திப் பெயிண்ட்பாலுக்கு இழுத்துப் போவதில் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாவது படி: மையத்திடம் கேட்க வேண்டியவை

எத்தனை பேர் என்பதில் தொடங்குங்கள். பத்திலிருந்து பதினான்கு பேர் நல்ல எண்ணிக்கை. ஆறு பேருக்குக் கீழே போனால் ஒருவர் அவுட் ஆனதும் ஆட்டமே சாய்ந்துவிடும். இருபதைத் தாண்டினால் நடுவர்களால் எல்லோர் மாஸ்க்கையும் கண்காணிக்க முடியாது. பத்துப் பேருக்கு ஒரு நடுவராவது களத்துக்குள் நிற்பாரா என்று கேளுங்கள். வெளியே நின்று கத்துபவர் கணக்கில் சேரமாட்டார்.

அடுத்து, களம் உங்களுக்கு மட்டும்தானா, வேறு குழுவோடு சேர்த்துவிடுவார்களா? இதைக் கேட்க மறப்பவர்கள் அதிகம். புதிதாக விளையாடும் பத்து வயதுப் பிள்ளைகளை, வாரம் தவறாமல் சொந்த மார்க்கரோடு வருபவர்களுக்கு எதிரே நிறுத்தினால் ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தனிக் களம் தரமுடியாது என்று சொன்னால் கூட்டம் குறைவான நாளுக்கு மாற்றுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள்.

கட்டணத்தைக் கேட்கும்போது மொத்தத் தொகையைக் கேட்காமல் அதில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள். நுழைவு, மார்க்கர், மாஸ்க், மார்புக் கவசம், காற்று நிரப்புவது, ஆளுக்கு எத்தனை உருண்டை, கூடுதல் உருண்டையின் விலை: இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கு. குறைந்த விலைத் திட்டங்களில் பெரும்பாலும் உருண்டைதான் குறைவாக இருக்கும், கடைசியில் கூடுதல் உருண்டையில்தான் செலவு ஏறும். வெளியிலிருந்து உருண்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்று எண்ணாதீர்கள்; பெரும்பாலான களங்களில் அங்கே வாங்கியதை மட்டுமே பயன்படுத்த விடுவார்கள். அது வியாபாரத்துக்காக மட்டும் இல்லை. எந்தச் சாயம், எவ்வளவு பழையது என்பது தெரியாத உருண்டை மார்க்கரையும் கெடுக்கும், ஆளையும் காயப்படுத்தும்.

மாஸ்க்கின் கண்ணாடி ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

மூன்றாவது படி: உருண்டைக் கணக்கு

ஒரு ஹாப்பரில், அதாவது மார்க்கரின் தலையில் இருக்கும் கொள்கலனில், வழக்கமாக 200 உருண்டை பிடிக்கும். 68 கேலிபர் ஒரு பெட்டிக்கு 2000, அதற்குள் 500 வீதம் நான்கு பைகள். 50 கேலிபர் பெட்டி பெரும்பாலும் 4000.

ஒரு பிள்ளை எவ்வளவு சுடும்? ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் பம்ப் வகை மார்க்கர் என்றால் மணிக்கு நூறைத் தாண்டுவது கடினம். ட்ரிகரை அழுத்த அழுத்தப் பாயும் வகையில் அதே நூறு முதல் ஆட்டத்திலேயே, பாதி வானத்தை நோக்கிப் போய்விடும். இரண்டு மணி நேர ஆட்டத்துக்குப் பம்ப் வகையில் ஆளுக்கு 200, மற்றதில் ஆளுக்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதின்வயதினர் அரை நாள் விளையாடினால் 500 தேவைப்படும். பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு 300 என்றால் 3600; 68 கேலிபரில் இரண்டு பெட்டி, 50 கேலிபரில் ஒரு பெட்டி வாங்கினால் 400 கையில் மிஞ்சும். கடைசி ஆட்டத்துக்கு அந்த 400 பேருதவி.

ஆனால் கணக்கைவிட முக்கியம் பங்கிடும் விதம். எல்லாவற்றையும் முதலிலேயே கையில் கொடுத்துவிடாதீர்கள். முதல் ஆட்டத்துக்கு ஹாப்பரில் 60 மட்டும். மீதியை ஒரு பெரியவர் பொதுவாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் எல்லோருக்கும் சமமாக நிரப்பட்டும். இதனால் சுட்டுத் தள்ளும் பிள்ளையும் சிக்கனமான பிள்ளையும் கடைசி ஆட்டத்துக்கு ஒரே அளவோடு வருவார்கள். பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கூடுதல் உருண்டை வாங்கிக் கொடுப்பதையும் இதமாகத் தடுத்துவிடுங்கள். களத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

நான்காவது படி: அழைப்போடு போக வேண்டிய தகவல்

அழைப்பிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும், விருந்தன்று காலை தாமதத்துக்குக் காரணம் சம்மதப் படிவம்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டு மாமா, உடன் வந்த அக்கா போட்டால் செல்லாது. படிவத்தை ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்பி, வந்தவற்றை எண்ணிப் பார்த்து, வராதவர்களை இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் பிடியுங்கள்.

அதே செய்தியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூக்குக்கண்ணாடி உண்டா? ஆஸ்துமா உண்டா? இரத்தம் எளிதில் உறையாத குறை, அண்மையில் ஆன எலும்பு முறிவு, கண் அறுவை போன்றவை உண்டா? முதலாவது இருந்தால் கண்ணாடிக்கு மேல் போடும் அகலமான மாஸ்க் கேட்டு வைக்கலாம். இரண்டாவது இருந்தால் இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்பது நடுவருக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் களத்துக்கு வரக்கூடாது.

உடை விஷயத்தில் பெற்றோருக்கு ஒரே வரியில் சொல்லுங்கள்: பழையது, முழுக்கை, தொளதொள. இறுக்கமான உடையில் அடி நேராகத் தோலுக்குப் போகும். தளர்வான துணி கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சில நேரம் உருண்டை உடையாமலே தெறித்துவிடும். கணுக்காலை மூடும் ஷூ அவசியம். இந்த விளையாட்டில் கால் பிசகுவதுதான் அடிக்கடி நடக்கும் காயங்களில் ஒன்று. செருப்பு கூடவே கூடாது. கழுத்தைச் சுற்ற ஒரு மெல்லிய துணி, விரல்களுக்குக் கையுறை. அடி பட்டால் உண்மையிலேயே துடிக்க வைக்கும் இடங்கள் கழுத்தும் விரல் கணுக்களும்தான். மார்புக் கவசம் தரும் மையங்கள்கூட இவற்றைப் பெரும்பாலும் மறந்துவிடும். தொப்பி போட்டால் பின்பக்கமாகத் திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் மாஸ்க் சரியாக உட்காராது. மாற்றுடையும் ஒரு துண்டும் தனிப் பையில்.

ஐந்தாவது படி: நேரத்தைப் பிரித்தல்

மொத்தம் மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வந்து சேர அரை மணி. கவசம், மாஸ்க் போட்டுப் பொருத்த இருபது நிமிடம். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாக முடியவே முடியாது. பாதுகாப்பு விளக்கம் பதினைந்து நிமிடம். குறிபார்க்கும் பயிற்சி பத்து நிமிடம். பிறகு ஆட்டம் ஒன்றே முக்கால் மணி, நடுவில் தண்ணீர் குடிக்க இரண்டு முறை நிறுத்தி. கடைசி அரை மணி கேக்குக்கு.

கேக்கை ஆட்டத்துக்கு முன் வெட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வயிறு நிரம்பக் கேக் சாப்பிட்டுவிட்டு மாஸ்க்குக்குள் குனிந்து ஓடினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. விளையாட்டு முடிந்து, கை கழுவி, மாற்றுடை போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். களத்திலிருந்து வந்த கையில் சாயமும் மண்ணும் இருக்கும். சாயம் நஞ்சில்லை என்றாலும் கேக்கோடு சேர்த்துத் தின்னும் பொருளும் இல்லை. ஆட்டத்துக்கு முன் லேசான சிற்றுண்டி போதும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது, பெயர் எழுதிய பாட்டிலில்.

பயிற்சிப் பத்து நிமிடத்தை நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். முதல் முறை ட்ரிகரை அழுத்தும்போது வரும் சத்தமும் கையதிர்வும் பழகுவதற்கு அதுதான் இடம். உருண்டை நேர்கோட்டில் போகாது, தூரம் போகப் போக வளைந்து இறங்கும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பதும் அங்கேதான். பயந்த பிள்ளை பத்து முறை ஒரு தகரத்தின் மேல் சுட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஆறாவது படி: மாஸ்க்

மற்ற எல்லா விதியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இதில் இல்லை. உடம்பின் மற்ற இடத்தில் பட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். களத்தின் வலைக்குள் கால் வைத்ததிலிருந்து வெளியே வரும் வரை மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்துவிட்டது, எல்லோரும் அவுட், நடுவர் விசில் அடித்துவிட்டார் என்பதெல்லாம் காரணமே இல்லை. மீறி ஒருவர் கழற்றிவிட்டால் பார்க்கும் முதல் ஆள் "மாஸ்க்!" என்று கத்த வேண்டும், எல்லோரும் உடனே சுடுவதை நிறுத்த வேண்டும். இதை விளக்கத்தின்போது ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

இனி, பிள்ளைகள் மாஸ்க்கைக் கழற்றுவது ஏன்? குறும்புக்காக அல்ல. பெரும்பாலும் கண்ணாடி மூடுபனி போல மங்கிவிடுவதால்தான். உள்ளே மூச்சின் ஈரம் சூடாக, வெளியே கண்ணாடி குளிர்ச்சியாக. ஈரம் அதில் படிகிறது. இரட்டை அடுக்குக் கண்ணாடியில் இரண்டு அடுக்குக்கு நடுவில் உள்ள காற்று உள்பக்கத்தைக் குளிராமல் காப்பதால் மங்குவது வெகுவாகக் குறையும். அது கிடைக்காவிட்டால் மங்கல் தடுக்கும் தெளிப்பான் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன் உள்பக்கத்தில் தடவுங்கள். கழுத்துத் துணியை மாஸ்க்கின் அடியில், வாய்க்கு முன்னால் செருகக்கூடாது. மூச்சு வெளியேற வழியில்லாமல் மேலே கண்ணாடிக்கு ஏறும். மங்கிவிட்டால் விரலை விட்டுத் துடைக்காமல், கையை உயர்த்தி நடுவரை அழைத்து, மாஸ்க்கோடேயே வெளியே வந்து சரிசெய்ய வேண்டும். அதற்காக அந்தப் பிள்ளையை அவுட் என்று கணக்கிடக்கூடாது என்று நடுவரிடம் முன்பே பேசிவிடுங்கள். அவுட் ஆகிவிடுவோமோ என்ற பயம் இருந்தால் மங்கிய கண்ணாடியோடேயே தடுக்கி விழுவார்கள்.

பொருத்தம் பார்க்க எளிய வழி: பட்டையை இறுக்கிய பின் பிள்ளையைத் தலையைக் குனிந்து இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். மாஸ்க் நகர்ந்தால் இன்னும் இறுக்கம் தேவை. நுரைப்பட்டை நெற்றியிலும் கன்னத்திலும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். தலைமுடி அதற்குள் சிக்கியிருக்கக்கூடாது. படம் எடுக்க வரும் பெற்றோருக்கும் இதே விதிதான். வலைக்கு உள்ளே வந்தால் மாஸ்க். இல்லையேல் வலைக்கு வெளியே.

மாஸ்க்குக்கு அடுத்தது குழல் உறை. மார்க்கரின் குழல் வாயில் போடும் இந்தத் துணி உறை, தவறுதலாக ட்ரிகர் அழுந்தினாலும் உருண்டையைப் பிடித்துவிடும். களத்தை விட்டு வெளியேறும் முன் உறை போட்டு, பாதுகாப்புப் பொத்தானையும் பூட்ட வேண்டும். உள்ளே வந்து, நடுவர் சொன்ன பிறகுதான் கழற்ற வேண்டும். காற்றுச் சிலிண்டரைப் பிள்ளைகள் தொடவே கூடாது. அதற்குள் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு, சிலவற்றில் 4500 பவுண்டு அழுத்தம் இருக்கும். திருகுவதும் நிரப்புவதும் ஊழியர் வேலை.

ஏழாவது படி: விதிகளை ஆட்டத்துக்கு முன் பேசித் தீருங்கள்

சண்டை வருவது எப்போதும் "பட்டுச்சு, படலை" என்பதில்தான். உருண்டை உடைந்து ஒரு நாணயம் அளவுக்குக் கறை விட்டால் அவுட். பட்டுத் தெறித்துப் போனால் அவுட் இல்லை. பக்கத்து மறைப்பில் உடைந்து சிதறிய தூறல் கணக்கில்லை. மார்க்கரில் பட்டாலும் அவுட்தான். மாஸ்க்கில் பட்டால்? பெரும்பாலான களங்களில் அவுட், ஆனால் வேண்டுமென்றே தலைக்குக் குறிவைக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் நடுவரைக் கூப்பிட்டுக் கறை பார்க்கச் சொல்லலாம். கறையைத் துடைத்துவிட்டு விளையாடுபவருக்கு ஒரு ஆட்டம் வெளியே என்ற தண்டனையை முதலிலேயே அறிவியுங்கள்.

அவுட் ஆனவர் "அவுட்!" என்று கத்தி, மார்க்கரைத் தலைக்கு மேல் தூக்கி, நேராக வெளியே நடக்க வேண்டும். கையைத் தூக்கியவரை யாரும் சுடக்கூடாது. எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று வெளியே போகும் வழியில் தன் அணிக்குக் காட்டிக்கொடுப்பதும் கூடாது. பிள்ளைகளால் இதைக் கடைப்பிடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

நெருங்கிய தூரம் இன்னொன்று. மூன்று மீட்டருக்குள் எதிரி திடீரென்று வந்துவிட்டால் சுடாமல் "சரண்!" என்று சொல்லி அவரைச் சரணடையச் சொல்ல வேண்டும் என்பது பல களங்களில் உள்ள விதி. புதியவர்கள் நிறைந்த பிறந்தநாள் ஆட்டத்தில் அந்தத் தூரத்தை ஐந்து மீட்டராக்கி, நேருக்கு நேர் மோதிய இருவருமே தங்கள் தொடக்க இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வைப்பது நல்லது. யார் முதலில் சொன்னது என்ற தகராறு அதோடு போகும். தலையை வெளியே காட்டாமல் மார்க்கரை மட்டும் மறைப்புக்கு மேலே நீட்டிச் சுடுவதும் தடை.

எட்டாவது படி: எந்த ஆட்டம், எந்த வரிசையில்

அணி பிரிக்கும்போது இரண்டு தலைவர்களை நிறுத்தி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். கடைசியில் மிஞ்சும் பிள்ளையின் நாள் அங்கேயே முடிந்துவிடும். பெரியவர் ஒருவர் முன்பே வயது, வேகம், பயம் பார்த்துப் பிரித்துப் பட்டியல் வைத்திருக்கட்டும். இரண்டு கையிலும் நிறப் பட்டை கட்டுங்கள். ஒரு கையில் மட்டும் கட்டினால் மறைப்பின் ஓரத்தில் அணி தெரியாது. ஒரே அணி இரண்டு முறை தொடர்ந்து வென்றால் இரண்டு பேரை இடம் மாற்றுங்கள்.

முதல் ஆட்டம் உயிர்த்தெழும் வகையாக இருக்க வேண்டும். அடி பட்டவர் தன் அணியின் தொடக்க இடத்துக்கு ஓடி, கம்பத்தைத் தொட்டு, கறையைத் துடைத்துவிட்டு மீண்டும் நுழையலாம். எட்டு நிமிடம். யாரும் வெளியே உட்காரமாட்டார்கள், எல்லோரும் ஒரு முறையாவது அடி வாங்கி "இவ்வளவுதானா!" என்று தெரிந்துகொள்வார்கள். ஒருவரும் மிஞ்சாதவரை சுடும் ஆட்டத்தை முதலில் வைப்பதுதான் பெரும்பாலான விருந்துகளில் நடக்கும் தவறு. அதில் துணிச்சலான பிள்ளைகள் முன்னால் ஓடி முதலில் அவுட் ஆவார்கள், பயந்தவர்கள் மறைப்புக்குப் பின்னால் உறைந்து நிற்பார்கள், ஆட்டம் நகராது.

அடுத்து நடுக்கொடி: களத்தின் நடுவில் ஒரு கொடி, எடுத்து எதிரணியின் தொடக்க இடத்தில் நாட்ட வேண்டும். ஆளுக்கு மூன்று உயிர், அதாவது மூன்றாம் முறை பட்டால்தான் அவுட். இது வந்ததும் ஆட்டத்துக்கு ஒரு நோக்கம் கிடைத்து, பிள்ளைகள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். சுடத் தெரியாத, ஆனால் ஓசைப்படாமல் நகரத் தெரிந்த பிள்ளைக்கு இது பொன்னான ஆட்டம். 1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில், மரத்திலும் மாட்டிலும் அடையாளமிடும் கருவிகளை வைத்து 12 பேர் விளையாடிய முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தில் வென்றவர், ஒரு முறைகூடச் சுடாமல் கொடிகளைச் சேகரித்தவர். கூச்சமுள்ள பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவதாக, பிறந்தநாள் பிள்ளையை நடுவில் வைக்கும் ஆட்டம். அவனோ அவளோ 'தலைவர்'. தனி நிற மேலாடை. சொந்த அணி அவரைக் களத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வேண்டும், எதிரணி தடுக்க வேண்டும். தலைவருக்கு மூன்று உயிர், கையில் மார்க்கர் இருக்கலாம். ஒரு முறை முடிந்ததும் மற்ற அணியும் தங்களில் ஒருவரைத் தலைவராக்கி விளையாடட்டும். எதிரணி முழுதும் ஒரே ஆளைக் குறிவைக்கும் ஆட்டம் என்பதால் மெய்க்காவலர்கள் அவருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதை வலியுறுத்துங்கள். பிறந்தநாள் பிள்ளையைத் தனியாக ஓடவிட்டு எல்லோரும் சுடும் 'பிறந்தநாள் ஓட்டம்' என்ற வழக்கம் சில இடங்களில் உண்டு. பிள்ளையே கேட்டாலும் வேண்டாம். பல அடிகள் ஒரே இடத்தில் பட்டால் தோல் கிழியும்.

நேரம் இருந்தால் வைத்தியர் ஆட்டம்: அணிக்கு ஒரு வைத்தியர், அடி பட்டவர் விழுந்த இடத்திலேயே அமர்ந்து கூப்பிட, அவர் வந்து தொட்டால் உயிர். கடைசி ஆட்டத்துக்கு ஆளுக்கு இருபதே உருண்டை கொடுத்துப் பாருங்கள். அதுவரை தாறுமாறாகச் சுட்டவர்கள் திடீரென்று ஒவ்வொரு உருண்டையையும் எண்ணத் தொடங்குவார்கள். நாள் முழுதும் நடந்ததில் விறுவிறுப்பானது பெரும்பாலும் இதுதான்.

விளையாடாத பிள்ளைகளுக்கு மதிப்பெண் பலகை, குறிபார்க்கும் இடம், கேமரா. "பயமா இருக்கா?" என்று கேட்டுக் கிண்டல் செய்யாமல், எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்று சொல்லி விட்டுவிடுங்கள். இரண்டாவது இடைவேளையில் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

களத்துக்குள் போகும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

மறைப்போடு ஒட்டி நிற்காமல் ஒரு கை நீளம் தள்ளி நில்லுங்கள். எட்டிப் பார்க்கும் கோணம் விரியும், பக்கத்தில் உடையும் சாயமும் முகத்தில் தெறிக்காது. ஒரே பக்கத்திலிருந்து இரண்டு முறை தலை நீட்டினால் மூன்றாம் முறை அங்கே ஒரு உருண்டை காத்திருக்கும். தூரத்து ஆளைச் சுடச் சற்று மேலே குறிவையுங்கள். நீங்கள் நகரும்போது நண்பன் சுடட்டும், அவன் நகரும்போது நீங்கள் சுடுங்கள். ஓடும்போது விரல் ட்ரிகரில் இருக்கக்கூடாது.

கோளாறுகள்

உருண்டை திடீரென்று திருகித் திருகிப் போகிறது, அல்லது குழல் வாயில் சாயம் வழிகிறது என்றால் உள்ளே ஒன்று உடைந்திருக்கிறது. குழலுக்குள் எட்டிப் பார்க்காமல் ஊழியரிடம் கொடுத்து, துடைப்பான் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய உருண்டை, அல்லது தரையிலிருந்து பொறுக்கிப் போட்ட உருண்டை. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும், மண்ணும் ஒட்டும். விழுந்த உருண்டை விழுந்ததுதான், பொறுக்கக்கூடாது. குளிர் நாளில் உருண்டையின் தோல் மொறுமொறுப்பாகி எளிதில் உடையும். கரியமில வாயுச் சிலிண்டர் என்றால் குளிரிலும், தொடர்ந்து வேகமாகச் சுடும்போதும் அழுத்தம் இறங்கி உருண்டை பாதியிலேயே விழும். சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் சரியாகும்.

தூறலில் விளையாடலாம், ஹாப்பர் மூடியை மூடி வைத்தால் போதும். இடி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். வெயில் நாளில் முழு உடையும் மாஸ்க்குமாக ஓடும் பிள்ளைக்குத் தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், கவசத்தைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்து, அன்றைய ஆட்டத்தை அதோடு முடித்துவிடுங்கள்.

அடி பட்ட இடத்தில் துணி சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் அடங்கும். மாஸ்க் விலகிக் கண்ணிலோ கண்ணருகிலோ பட்டிருந்தால் கழுவிப் பார்ப்பதோடு விடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

சாயம் நீரில் கரையும். துணிகளைக் காயவிடாமல், குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, பிறகு வழக்கம்போலத் துவைக்கலாம். காய்ந்துபோன கறை வெளுக்க இரண்டு மூன்று முறை ஆகும். ஷூவின் இடுக்குகளை வாசலிலேயே தட்டிவிடுங்கள்.

பிள்ளைகளின் சட்டைப் பைகளையும் சோதியுங்கள். நினைவுக்கென்று நாலைந்து உருண்டைகளை எடுத்து வைத்திருப்பார்கள். வீட்டில் நாய் இருந்தால் அவை உள்ளே போகக்கூடாது. நிரப்பியிருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவை மனிதத் தோலுக்குத் தீங்கில்லாதவை. ஆனால் இனிப்புச் சுவைக்காக நாய் அவற்றைத் தின்றுவிட்டால் அவை உடம்பின் நீரைக் குடலுக்கு இழுத்து, வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை கொண்டுபோகும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.